மொட்டை டயரும் மழைச் சாலையும்: உங்கள் அனுபவங்கள்

தாம்பரம் வாசி:
போன ஐப்பசியில் சொந்தக்காரர் திருமணத்துக்கு வாடகைக் காரில் விழுப்புரம் போனோம். திண்டிவனம் தாண்டியதும் கொட்டித் தீர்த்தது மழை. வேகம் எண்பது இருக்கும். திடீரென்று டயர் இரைச்சல் அறவே நின்றுபோனது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறார், வண்டி அது பாட்டுக்கு நேராகப் போகிறது! தண்ணீர் தேங்கிய இடம் முடிந்த பிறகுதான் சக்கரம் தரையைப் பிடித்தது. டீக்கடையில் இறங்கிப் பார்த்தால், முன் டயர் இரண்டிலும் பள்ளத்துக்குள் தேய்மான எல்லையைக் காட்டும் குறுக்குக் கட்டைகளோடு சமமாகப் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேய்ந்து கிடந்தது. கேட்டதற்கு, "இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும் சார்" என்றார். அந்தப் பதில்தான் இன்னும் மனதில் ஆறவில்லை.

மலைப்பாதை:
டயரை மட்டும் குறை சொல்வதை ஏற்க முடியாது. அந்த மழையில் எண்பதில் போனால் நல்ல டயரும் மிதக்கலாம். பட்டனை மட்டும் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அண்ணன் 2023இல் ஒரு பழைய கார் வாங்கினார். அதிகம் ஓடாத வண்டி, பட்டன் புதிதுபோல இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது பின் டயர் பக்கவாட்டில் வெடித்தது. பஞ்சர் கடைக்காரர் அதன் விளிம்பை நகத்தால் சுரண்டிக் காட்டினார். கோடையில் காய்ந்த ஏரி போலப் பாளம் பாளமாக வெடிப்பு. பக்கத்தில் 1612 என்ற எண். அதாவது 2012ஆம் ஆண்டின் 16ஆம் வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் பழசாகிவிட்டது.

பழைய மெக்கானிக்:
வேகம் முக்கியம்தான். ஆனால் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தானே? அவை தேயத் தேய, குறைந்த வேகத்திலேயே வண்டி மிதக்கும். புது கார் டயரில் பெரும்பாலும் 7, 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது. மழைக்காலத்தில் அதுவரை இழுக்காதீர்கள், 3 மி.மீ. ஆனதுமே மாற்றிவிடுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் முதலில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்று சொல்லி முன்னால் மாட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும், அதை மீட்பது பழகிய கைக்கே கடினம். என் தம்பி கார் வாலாஜாபாத் அருகே வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது அப்படித்தான்.

தாம்பரம் வாசி:
வேகம் பற்றிச் சொன்னவருக்கு: மெதுவாகப் போகும்படி இரண்டு முறை சொன்னேன், அந்த ஓட்டுநர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வாடகைக் காரின் டயரைப் பார்த்த பிறகுதான் குடும்பத்தை ஏற்றுகிறேன். சென்ற வாரம் ஓர் ஓட்டுநர் முகம் சுளித்தார். வேறு வண்டி கேட்டேன், அனுப்பினார்கள்.