எல்இடி வைத்து பிளாங்க் மாறிலி: சிவப்பில் மட்டும் குறைவாக வருகிறது

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்காக, எல்இடி ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தத்தையும் அலைநீளத்தையும் வைத்து பிளாங்க் மாறிலி (ஒளியின் அதிர்வெண்ணை அதன் ஆற்றலோடு இணைக்கும் எண்) கணக்கிடுகிறோம். நீலம் 470 நானோமீட்டர், 2.6 வோல்ட், பச்சை 525, 2.3 வோல்ட். இரண்டிலும் விடை 6.5×10⁻³⁴ ஜூல் வினாடியை ஒட்டி வருகிறது, பிள்ளைகளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

சிவப்பில்தான் சிக்கல். 630 நானோமீட்டர், 1.7 வோல்ட், விடை 5.7×10⁻³⁴ தான். அந்த அலைநீள ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) 1.97 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு, 1.7 வோல்ட்டோ ஓர் எலக்ட்ரானுக்கு 1.7 எலக்ட்ரான் வோல்ட்தான் தரும், பிறகு எப்படி ஒளிர்கிறது?

வேறு சிவப்பு எல்இடி, புது பேட்டரி, வேறு மல்டிமீட்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. தொடரில் 330 ஓம் மின்தடை. இருட்டறையில் கறுப்புத்தாள் குழாய் வழியாகக் கண்ணால் பார்த்தே தொடக்கத்தைக் குறிக்கிறோம்.

கண்ணை நம்பாமல், எல்லா நிறத்துக்கும் ஒரே சிறு மின்னோட்டம் வைத்து மின்னழுத்தத்தை அளந்தால் இது சரியாகுமா?