ரெட்கானுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

க., சென்னை:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஒரு காலாண்டிதழுக்காக ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசை பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 2017-இல் டிஸ்கவரி தொடங்கியதிலிருந்து வந்த புதிய தொடர்கள் மேல் பழைய ரசிகர்களுக்கு ஏன் இத்தனை மனக்குறை என்பதுதான் கட்டுரை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்து "ரெட்கான்" என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன்.

சொல்லி முடித்துவிட்ட கதைக்குள் பின்னால் வருபவர் புதிதாக ஒன்றை வைத்து, முதலிலிருந்தே அது அப்படித்தான் என்று ஆக்கிவிடுவதற்கு அந்தப் பெயர். டிஸ்கவரியின் நாயகி மைக்கேல் பர்ன்ஹாம், முதல் தொடரின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் வீட்டில் வளர்ந்தவள், அவனுக்கு அக்கா முறை. ஸ்பாக்கை 1966-இலிருந்து பார்க்கிறோம். இப்படி ஒருத்தி இருப்பதாக யாரும் மூச்சுவிட்டதில்லை. இரண்டாம் பருவத்தின் முடிவில் அவளோடு டிஸ்கவரி கப்பலையே தொள்ளாயிரம் ஆண்டு தாண்டி எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டு, இனி இதைப் பற்றி வாய் திறப்பது துரோகம் என்று ஸ்பாக்கையே பரிந்துரைக்க வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தாரின் நெற்றி. அறுபதுகளில் நம்மைப் போல வழவழப்பான நெற்றி, 1979 திரைப்படத்தில் மேடும் பள்ளமும். 1996-இல் டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் இதைப் பற்றிக் கேட்டபோது, வெளியாரிடம் நாங்கள் இதைப் பேசுவதில்லை என்று வோர்ஃப் என்ற கிளிங்கான் முடித்துக்கொண்டான். 2005-இல் எண்டர்பிரைஸ் தொடர் ஒரு மரபணுச் சோதனையையும் அதிலிருந்து பரவிய நோயையும் காரணமாகக் காட்டியது.

கட்டுரையாசிரியர் இரண்டையும் ரெட்கான் என்கிறார். முதலாவதைக் குறையாக, இரண்டாவதைப் பாராட்டாக. ஆகவே சொல்லுக்குள் வசையும் இருக்கக் கூடாது, புகழும் இருக்கக் கூடாது. என் வரைவில் "பின்திருத்தம்" என்று போட்டிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

மு., தஞ்சாவூர்:

அம்மா, புதுச்சொல் எதற்கு? இடைச்செருகல் இருக்கிறதே. தொல்காப்பிய மரபியலில் வருணங்களைப் பேசும் நூற்பாக்கள் இடைச்செருகலா என்று தலைமுறைகளாக வழக்காடுகிறோம். கம்பராமாயணத்தில் பிறர் நுழைத்த பாடல்களுக்கு வெள்ளிபாடல் என்று தனிப்பெயரே உண்டு. வெள்ளியம்பலத் தம்பிரான் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கு. இவ்வளவு நாள் புழங்கிய சொல்லைக் கிடப்பில் போட்டுவிட்டுப் புதிதாகப் பட்டறை வைக்க வேண்டியதில்லை.

த., தொராண்டோ:

மு. ஐயாவுக்கு வணக்கம். வெள்ளிபாடல் என்று நீங்கள் எழுதியதும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வானத்து மீன்களை வெள்ளி என்றுதான் சொல்லுவோம். முற்றத்தில் பாய் போட்டுப் படுத்து வெள்ளி எண்ணி வளர்ந்தவர்கள் நாங்கள். வெண்மை, வெளிச்சம், வெளி எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்றால், விண்வெளித் தொடருக்குள் செருகியதை வெள்ளிக்கதை என்று சொல்ல முடியாதா? காட்சியைச் செருகினால் வெள்ளிக்காட்சி, ஆளைச் செருகினால் வெள்ளிமாந்தர். ஒரு குடும்பமாகச் சொற்கள் வரும்.

ரா., பெங்களூரு:

த. அண்ணா, அழகாக இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கதை என்று படிக்கிறவர் வெள்ளித்திரையைத்தான் நினைப்பார்.

இடைச்செருகலுக்கும் எனக்குத் தடை உண்டு. செருகுபவர் தன் பெயரை மறைத்து மூல ஆசிரியரின் பெயரில் எழுதுகிறார். ஏட்டிலேயே கை வைக்கிறார். டிஸ்கவரியில் அப்படி நடக்கவில்லை. எழுதியவர்கள் தங்கள் பெயரைப் போட்டுத்தான் எழுதினார்கள், பழைய அத்தியாயங்கள் அப்படியே கிடக்கின்றன. ஸ்டார் ட்ரெக்கில் உண்மையான இடைச்செருகல் நடந்தது 2006-இல். அறுபதுகளின் தொடரைப் புதுப்பிக்கிறோம் என்று கப்பல், கோள் காட்சிகளையெல்லாம் கணினிப் படங்களாக மாற்றினார்களே, அது ஏட்டைத் தொட்ட வேலை. அதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம்.

மு., தஞ்சாவூர்:

தம்பி ரா. சொன்ன வேறுபாடு சரியானது. ஏற்கிறேன். அப்படியானால் இன்னும் பொருத்தமான சொல் சொல்லதிகாரத்தில் இருக்கிறது: வழு, வழாநிலை, வழுவமைதி.

கதை முன்னுக்குப் பின் ஒத்துப்போனால் வழாநிலை. முரண்பட்டால் வழு. முரண்பாடு இருந்தும் தக்க காரணம் காட்டி ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழு, ஆனால் உவகையால் சொன்னதால் அமைதி. நன்னூலார் "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே" என்கிறார். கிளிங்கான் நெற்றிக்கு 2005-இல் காட்டிய காரணம் அப்பட்டமான வழுவமைதி. வோர்ஃப் பேச மறுத்தது வழுவை ஒப்புக்கொண்டு அமைதி சொல்லாமல் விட்ட நிலை. ஒரே இலக்கணம் மூன்றையும் அளந்துவிடுகிறது.

சே., கோவை:

ஊடகவியல் வகுப்பு எடுக்கிறவளாகச் சொல்கிறேன். என் மாணவர்கள் ரெட்கான் என்றே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். வழுவமைதி என்று கரும்பலகையில் எழுதினால் முதலில் இலக்கணப் பாடம் எடுக்க வேண்டும், அப்புறம்தான் ஸ்டார் ட்ரெக். கட்டுரையைப் படிக்கப் போவது அவர்கள். சொல் விளங்காமல் ஒரு பத்தியைத் தாண்டினால் அந்த வாசகர் திரும்ப வரமாட்டார். தமிழ் எழுத்தில் ரெட்கான் என்று எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

மு., தஞ்சாவூர்:

இலக்கணம் மறந்துபோயிற்று என்பதற்காக இலக்கணச் சொல்லைக் கைவிட்டால் நாளை அந்தச் சொல் இருக்காது, நாளை மறுநாள் அந்தக் கருத்தும் இருக்காது. பயன்படுத்தினால்தானே அம்மா விளங்கும்?

சே., கோவை:

ஐயா, என் கவலையும் அதேதான். தமிழில் இதைப் பற்றிப் பேசவே முடியாது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. வழியில்தான் நாம் வேறுபடுகிறோம்.

த., தொராண்டோ:

எல்லோரும் ஒரு சொல்லைப் பிடித்து இழுக்கிறோம், ரசிகனின் துக்கத்தை யாரும் தொடவில்லை. பெரும்பாலானவர்களைப் புண்படுத்தியது தகவல் முரண் அல்ல. ஸ்பாக்குக்குச் சொல்லாத உடன்பிறப்பு வருவது புதிதா? 1989 திரைப்படத்தில் சைபாக் என்று ஓர் அண்ணன் இதே மாதிரி வந்து குதித்தான். அது மட்டுமா, 1967-இல் சாரெக் கப்பலுக்குள் வரும்வரை, அவர் ஸ்பாக்கின் தகப்பன் என்று கப்பல் தலைவன் கிர்க்குக்கே தெரியாது. வீட்டுக் கதை சொல்லாதவன் ஸ்பாக். அந்தக் குணத்தோடு பர்ன்ஹாம் ஒத்துப்போகிறாள் என்றுகூட வாதாடலாம்.

பிக்கார்ட் தொடரின் முதல் பருவம் வேறு வகைக் காயம். செவ்வாயில் தாக்குதல் நடந்தவுடன், பழைய எதிரிகளான ரோமுலர்களைக் காப்பாற்றுவதாகச் சொன்ன கோள்களின் கூட்டமைப்பு கையை விரிக்கிறது. வாயேஜர் தொடரில் நாங்கள் சிறுவனாகப் பார்த்து நேசித்த இச்செப் என்ற பாத்திரத்தை, கண்ணைப் பிடுங்கும் சித்திரவதையோடு காட்டி முடிக்கிறார்கள். இதில் ரெட்கான் எங்கே இருக்கிறது? ஒரு தேதிகூட முரணில்லை. ஆனால் மனிதன் திருந்துவான், எதிரியின் உயிரும் உயிர்தான் என்று எங்களுக்குச் சொல்லித்தந்த உலகம் அதுவல்ல. நன்னூல் வழிநூலுக்கு என்ன சொல்கிறது? "முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்." பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்லலாம், தாராளமாக. முடிபு ஒக்க வேண்டும், மரபு அழியக் கூடாது. டிஸ்கவரியில் பலர் இதைத்தான் காணவில்லை. 2023-இல் பிக்கார்டின் மூன்றாம் பருவம் பழைய குழுவை மறுபடி ஒரே மேசையில் உட்காரவைத்தபோது இதே ரசிகர்கள்தான் உருகினார்கள். லோயர் டெக்ஸ் நகைச்சுவை அசைபடத் தொடர், ஆனால் பழையதை எழுத்தெண்ணிப் படித்தவர்கள் செய்தது தெரிகிறது.

க. அக்கா, கட்டுரையில் ரெட்கான் வரும் இடமெல்லாம் உண்மையில் ரெட்கான்தானா என்று ஒருமுறை பாருங்கள்.

ரா., பெங்களூரு:

த. அண்ணா சொன்னதில் முக்கால்வாசி ஏற்கிறேன். ஆனால் தகவலும் சிலரைப் புண்படுத்துகிறது, அதைச் சிறுமை என்று தள்ள மாட்டேன். முதல் தொடருக்கு முந்தைய காலத்தில் நடக்கும் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடர் எனக்குப் பிடிக்கும், ஆனால் 1967-இல் கிர்க் கார்ன் இனத்தை முதன்முதலில் எதிர்கொண்ட அத்தியாயத்தின் வலிமையே அறியாத உயிர் ஒன்றிடம் கருணை காட்டுவதில்தான் இருந்தது. கதையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கார்ன்கள் மனிதரை வேட்டையாடுவதாகப் புதிய தொடரில் காட்டினால் அந்தப் பழைய அத்தியாயம் மெலிந்துபோகிறது.

மரபணு மாற்றிப் பிறப்பிக்கப்பட்ட கொடுங்கோலன் கானின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய போர்கள் 1990-களில் என்று 1967-இலேயே சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டுகள் நமக்கு வந்து போய்விட்டன. 2023-இல் காலப்பயணிகள் வரலாற்றைத் தொட்டதால் தள்ளிப்போயிற்று என்று கதைக்குள்ளேயே காரணம் வைத்தார்கள். மு. ஐயாவின் வழுவமைதி இதற்குக் கச்சிதம். பர்ன்ஹாமுக்குப் பொருந்தாது. எனவே பொதுச்சொல் பின்திருத்தம், அதில் ஏற்கத்தக்க வகை வழுவமைதி. என் வாக்கு இதற்கு.

சே., கோவை:

முதல் இடத்தில் "ரெட்கான் எனப்படும் பின்திருத்தம்" என்று வருமானால் எனக்குச் சம்மதம்.

க., சென்னை:

எல்லோருக்கும் நன்றி. த. சொன்னபடி சரிபார்த்தேன். பிக்கார்ட் பற்றிய பத்தியில் ஆசிரியர் ரெட்கான் என்று எழுதிய இரண்டு இடங்கள் உண்மையில் குணமாற்றத்தைத்தான் குறிக்கின்றன. அவரிடம் கேட்டு, "மரபு பிறழ்தல்" என்று மாற்றிவிட்டேன். மற்ற இடங்களில் பின்திருத்தம், கிளிங்கான், கான் பகுதிகளில் வழுவமைதி. சே. கேட்டபடி முதல் இடத்தில் விளக்கம் உண்டு. பெரும்பான்மைக்கு ஏற்ப அனுப்புகிறேன்.

த., தொராண்டோ:

சரி. வெள்ளிக்கதையை நான் இன்னும் கைவிடவில்லை.

மு., தஞ்சாவூர்:

அனுப்புங்கள் அம்மா, அச்சுக்கூடம் காத்திருக்காது. ஆனாலும் என் மறுப்பு இழையில் இருக்கட்டும். திருத்தம் என்றால் திருந்தச் செய்வது, பிழையைப் போக்குவது. பின்திருத்தம் என்ற கணமே முன்னது பிழை என்று ஒப்புக்கொண்டதாகிறது. வசையும் புகழும் இல்லாத சொல் கேட்டீர்கள், இது புதியவர் பக்கம் சாய்கிறது. ஸ்பாக்கின் குடும்பத்தில் திருத்துவதற்கு என்ன பிழை இருந்தது? "பின்புனைவு" என்றால் இந்தச் சாய்வு வராது. மறுபதிப்பு வந்தால் மாற்றுங்கள்.

ரா., பெங்களூரு:

ஐயா, பின்புனைவை முன்பே வேறொருவர் முன்கதைக்கு எதிர்ச்சொல்லாக, அடுத்த பாகம் என்ற பொருளில் முன்மொழிந்த நினைவு. குழுவின் பழைய மடல்களைத் தேடிவிட்டு எழுதுகிறேன்.