கவுன்சிலுக்குப் போன குளிர்கால உதவிப் பணம்: கணக்குக் கேட்கக் கை கொடுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களே, 2024 குளிர்காலத்தில் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவி) போன்ற உதவித்தொகை பெறாத முதியவர்களுக்கு வின்டர் ஃபியூயல் பேமென்ட் என்ற குளிர்கால எரிபொருள் உதவித்தொகை (200 அல்லது 300 பவுண்டு) நின்றுபோனது. சிரமப்படுவோருக்கு அரசு கைகாட்டியது, கவுன்சில்கள் வழியாக வழங்கப்படும் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் என்ற உதவி நிதியை. 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை அதற்கு 42.1 கோடி பவுண்டு. அதில் முதியவர் வீடுகளுக்குப் போனது எவ்வளவு என்று அந்த நிதியைப் பெற்ற ஒவ்வொரு கவுன்சிலையும் கேட்க வேண்டும்.

கேட்கும் விதம்தான் முக்கியம். 'யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்' என்று கேட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டிக் கைவிரித்துவிடலாம். பதிலைத் தேடி எடுக்க ஆகும் செலவு வரம்பைத் தாண்டினால் மறுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு; கவுன்சிலுக்கு வரம்பு 450 பவுண்டு, அதாவது 18 மணி நேர வேலை. அதனால் புதிதாகத் தொகுக்கச் சொல்லாதீர்கள். மத்திய வேலை, ஓய்வூதியத் துறைக்குக் (DWP) கவுன்சில் ஏற்கெனவே அனுப்பிய செலவு அறிக்கையையே (எம்ஐ, அதாவது மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் அறிக்கை) கேளுங்கள். ஓய்வூதியர் வீடுகளுக்கான தொகை அதில் தனியாக இருக்கும்.

மனுவில் இந்த வரி போதும்: '1.10.2024 முதல் 31.3.2025 வரையிலான இறுதி எம்ஐ அறிக்கையின் நகலை எக்செல் கோப்பாகத் தரவும்.' உண்மைப் பெயர் கட்டாயம். உங்கள் முகவரியாக ஈமெயில் போதும். 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதலில் கவுன்சிலிடமே மறுஆய்வு, பிறகு தகவல் ஆணையர். கட்டணம் இல்லை.

உங்கள் கவுன்சிலுக்கு யார் அனுப்புகிறீர்கள்? கவுன்சிலின் பெயரைக் கீழே எழுதுங்கள், ஒரே இடத்துக்கு இரண்டு மனு போகக் கூடாது. வரும் அறிக்கைகளைத் தொகுக்க எக்செல் நன்றாகத் தெரிந்த ஒருவரும் அவசரமாகத் தேவை.