கோபித்துக்கொண்டு போன கோல் காப்பாளரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

வணக்கம். மட்டக்களப்பில் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு நான்கு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். உங்களில் பழைய வீரர்கள், பயிற்றுநர்கள் இருந்தால் ஒரு யோசனை சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு போட்டியில் எங்கள் பின்கள வீரர் காலால் திருப்பிக் கொடுத்த பந்தை கோல் காப்பாளர் கையால் பிடித்துவிட்டார். 1992 இலிருந்தே அதற்குத் தடை. எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (அடித்த பந்தை இன்னொருவரும் தொட்டால்தான் கோல்), அதிலிருந்தே கோல், தோற்றோம். எல்லோர் முன்னாலும் "நித்திரையாடா?" என்று கத்தினேன். பொடியன் ஒன்றும் சொல்லாமல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன்தான்.

பிறகுதான் அணித்தலைவர் சொன்னான்: "சேர், அவன் ராவெல்லாம் அப்பாவோட வாவியில வலை போடப் போறவன்." உண்மையிலேயே நித்திரைதான்! எனக்கு முகம் செத்துப்போச்சு. நான்கு வருடத்தில் அவன் வீட்டு நிலைமையை ஒருநாள் கேட்டிருக்கிறேனா? இல்லை.

இப்போது மற்றப் பொடியன்களும் "ஓம் சேர்", "சரி சேர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்பு பயிற்சி முடிந்தும் புல்லில் இருந்து கதைப்பார்கள்.

எங்கள் ஊர் வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அருட்தந்தை வெபரிடம் படித்தவர்கள் இன்றும் அவரைப் பற்றிப் பாசமாகக் கதைப்பதைக் கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்கவா? தகப்பன் முன்னால் அவனுக்குச் சங்கடமாகுமா? அணி முன்னால் கேட்பதா? தொழிலுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி நேரத்தை எப்படி மாற்றினீர்கள்?