சன்னல் பக்கம் திரும்பும் பாசி இழை: காரணம் என்ன?

தண்டையார்பேட்டை மாணவி:
வணக்கம். வீட்டுக் கிணற்றடி ஈரமண்ணில் எடுத்த பச்சைப் பாசியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சன்னலோரம் வளர்க்கிறேன். நுண்ணோக்கியில் பார்த்தபோது குறுக்குச்சுவரே இல்லாத குழாய் இழைகள் தெரிந்தன. நுனிகளெல்லாம் வெளிச்சம் வரும் பக்கமே திரும்பியிருந்தன. சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கிண்ணத்தில் இழைகள் நீண்டனவே தவிரத் திரும்பவில்லை. செடியின் தண்டு வளைவதும் இதுவும் ஒன்றுதானா?

இராயபுரம் தாவரவியல் ஆசிரியர்:
அடையாளங்களைப் பார்த்தால் வௌச்சீரியா என்னும் குழாய்வடிவப் பாசியாக இருக்கலாம். தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் வழி வேறு. தண்டில் நிழல்பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்வதால் அது ஒளியை நோக்கிச் சாய்கிறது. வௌச்சீரியாவில் வளர்ச்சி நுனியில் மட்டுமே நடப்பதால், ஒரு பக்கம் நீல ஒளி பட்டதும் வளரும் மையமே அப்பக்கம் நகர்ந்து, அங்கே புடைத்து, குழாய் புதிய திசையில் நீள்கிறது. முன்பே உருவான பகுதி வளைவதில்லை. இழையின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் நீல ஒளியைப் பாய்ச்சினால் அங்கே ஒளிச்சேர்க்கை நடத்தும் பச்சை நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்கள் திரண்டு, கிளையே முளைத்துவிடும் என்பது எனக்கு இன்னும் வியப்பான செய்தி. அக்கிளைத்தலுக்கான ஒளியுணரியான ஆரியோகுரோம் என்னும் புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் அறிவித்தார்கள். ஒளியை உணரும் பகுதியும் டிஎன்ஏ-வைப் பற்றும் பகுதியும் அதில் ஒருங்கே உள்ளன. சிவப்பொளி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும்; ஆனால் திசை காட்டாது.

எண்ணூர் வாசகர்:
ஐயா சொன்னதுடன் ஒன்று: நீல ஒளி மிகக் கடுமையானால் இதே நுனிகள் எதிர்ப்பக்கம் விலகும். ஆகவே நம் ஊர் வெயில் நேரடியாக விழும் இடத்தில் கிண்ணத்தை வைக்காதீர்கள், தண்ணீரும் சூடேறிவிடும்.

தண்டையார்பேட்டை மாணவி:
நன்றி ஐயா. அடுத்து நீலத் தாளைச் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் ஒளி படும்படி வைத்துப் பார்க்கிறேன்.