புதுப்பிப்பு: சப்பாத்திக் கொத்து தேறிவிட்டது

போன மாதம் புலம்பியிருந்தேன்: அறையில் மூன்று பேர், ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, கொத்து பரோட்டாவிலேயே கரையும் கைக்காசு. மைதாவும் எண்ணெயும் குறைத்து அதே ருசி வருமா என்று கேட்டதற்கு, கோதுமைச் சப்பாத்தியைக் கொத்திப் பார் என்றார்கள் பலர்.

முதல் தடவை சொதப்பல். சுடச்சுடச் சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டேன்; சால்னா பட்டதும் களியாகிவிட்டது. முதல் நாள் சுட்டு, கொஞ்சம் விறைத்த சப்பாத்திதான் சரி. கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டேன். ஒரு டேபிள்ஸ்பூன் கடலெண்ணெய், வெங்காயம், கை நிறைய முட்டைக்கோஸ், அப்புறம் முட்டை. முட்டை பாதி வெந்ததுமே சப்பாத்தியைப் போட்டால்தான் துண்டுகளில் ஒட்டும். கடைக்காரர் மாதிரி தம்ளரால் தட்ட ஆசையிருந்தால் கல்லைக் கீழே இறக்கிவிடுங்கள், அடுப்பின் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

சால்னாவுக்குத் தேங்காய் வாங்கவில்லை. இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை, சோம்பு, ஒரு துண்டு பட்டை அரைத்து ஊற்றினேன், நன்றாகவே கெட்டிப்பட்டது. கறிக்குப் பதில் மீல்மேக்கர். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை நன்றாகப் பிழியாவிட்டால் வாடை போகாது. ஆனால் காய்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம்; இந்தக் காசுக்கு வேறெது கொடுக்கும்?

மூவருக்கும் சேர்த்து 80 ரூபாய்க்குள் முடிந்தது. மைதாவின் அந்த இழுவை மட்டும் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மாதம் ஒரு முறை கடைக்குப் போவோம். அறை நண்பன் இப்போதே நாளைக்கும் சேர்த்து மாவு பிசைந்துகொண்டிருக்கிறான்.