மறு: டம்மி லோடு: போலிச்சுமையா, சுமைதாங்கியா?

வணக்கம். கிதார் ஆம்ப் (கிதாரின் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பற்றிய சொற்களைத் தமிழாக்கும்போது ‘டம்மி லோடு’க்கு எந்தச் சொல் என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> டம்மி லோடு = போலிச்சுமை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. கிதார் ஆம்ப் ஹெட் என்பது ஸ்பீக்கர் இல்லாத வெறும் ஆம்ப். அது வால்வு (வெற்றிடக் குழாய்) வகையாக இருந்தால், ஸ்பீக்கர் ஜாக்கில் எதுவும் மாட்டாமல் வாசிக்கவே கூடாது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் ஆற்றல் இறங்க வழியில்லாமல் மின்னழுத்தமாக எகிறும், உள்ளே காப்பு உடைந்து பொறி பறக்கும், டிரான்ஸ்ஃபார்மரோ வால்வோ போய்விடும். சத்தமில்லாமல் வாசிக்கும்போது அதைத் தவிர்க்க ஸ்பீக்கர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு 8 ஓம் மின்தடையை வைக்கிறோம், அதுதான் டம்மி லோடு. 50 வாட் ஹெட்டை முழுக்கத் திறந்துவிட்டால் அந்த 50 வாட்டும் அதில்தான் சூடாக இறங்குகிறது, கை வைத்தால் பொத்துப்போகும். இதில் போலி எது? சத்தம் வரவில்லை, அவ்வளவுதான். ஆம்புக்கு அது அசல் சுமை. போலி என்று எழுதினால் புதிதாக வருகிற பையன் ‘சும்மா ஒப்புக்கு மாட்டுவது போல’ என்று நினைத்துக் கழற்றி வைத்துவிடுவான்.

நான் சொல்வது சுமைதாங்கி. பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்களே, தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க, அதேதான். (வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது அந்தக்கால வழக்கம்.) இங்கேயும் ஹெட் தன் சுமையை இறக்குகிறது, தலைச்சுமை என்பது தானாகவே பொருந்திவிட்டது.

> ஹெட்போனையே ஸ்பீக்கர் ஜாக்கில் மாட்டினால் அதுவும் ஒரு சுமைதானே?

ஐயோ, வேண்டாம். 50 வாட், 8 ஓம் என்றால் ஜாக்கில் 20 வோல்ட். 32 ஓம் ஹெட்போனில் அதைக் கொடுத்தால் கணக்குப்படி 12 வாட்டுக்கு மேல். காதுக்குச் சில மில்லிவாட்டே தாராளம். ஹெட்போன் கருகும், அதற்கு முன் காது போகும், கருகி அறுந்த பிறகு ஆம்புக்குச் சுமையும் இல்லை. ஹெட் முதலில் சுமைதாங்கிக்கு, அதிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் கேபினெட் சிமுலேட்டர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) வழியாக ஹெட்போனுக்கு, இதுதான் வரிசை. கிதார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே குறைத்துவிடும். சிமுலேட்டர் இல்லாமல் கேட்டால் தகரத்தைச் சுரண்டுவது போல இருக்கும்.

இம்பிடன்ஸுக்கு (மாறுமின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் மொத்த எதிர்ப்பு, ஓமில் அளப்பது) மின்மறுப்பு என்றே வைத்துக்கொள்வோம், அதில் சண்டை வேண்டாம். வால்வு ஹெட்டில் 8 ஓம் ஜாக்குக்கு 8 ஓம் சுமை. இரண்டு 16 ஓம் கேபினெட்டை இணையாக மாட்டினாலும் 8தான். டிரான்சிஸ்டர் ஹெட் நேர் எதிர்: சுமை இல்லாமல் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும், குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் எரியும். இன்னொன்று, கிதாருக்குப் போடும் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே பிளக்கில் முடிவதால் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கிதார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போட்டால் சூடாகும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும். ‘கருவி வடம்’, ‘ஸ்பீக்கர் வடம்’ போதுமா?

> ரியாக்டிவ் லோடு என்று ஒன்று விற்கிறார்களே, அதை என்ன செய்வீர்கள்?

நல்ல கேள்வி, நேற்று இரவு இதில்தான் மாட்டிக்கொண்டேன். ஸ்பீக்கரின் மின்மறுப்பு நிலையாக நிற்காது, அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். வெறும் மின்தடை அப்படிச் செய்யாது, ரியாக்டிவ் லோடு செய்யும், அதாவது ஸ்பீக்கரைப் போல நடிக்கும். அப்படியென்றால் உங்கள் ‘போலி’ அதற்குத்தான் சரி. மின்தடைப் பெட்டிக்குச் சுமைதாங்கி, இதற்குப் போலி ஸ்பீக்கர். ஒத்துக்கொள்கிறீர்களா?